தாய்ச்சி பழக விரும்புகிறவர்களுக்கு: கையை விடுங்கள், காலில் இருந்து தொடங்குங்கள்

தாய்ச்சி என்ற, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் கையைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். மேகம் நகர்வது போலக் கை மெதுவாகப் போவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? நானும் அப்படித்தான் வந்தேன். முதல் இரண்டு மாதம் வீடியோவைப் பார்த்துக் கை எங்கே போகிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தேன், மூன்றாவது மாதம் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் பொறுமையான ஓர் ஆசிரியர் கிடைத்தார். கையைத் தொடவே விடாமல் ஆறு வாரம் நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் மட்டும் பழக்கினார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. பெய்ஜிங்கில் தியென்தான் பூங்காவில் விடியற்காலையில் கூடும் பெரியவர்களின் வீடியோ கிடைத்தால் அவர்களுடைய காலை மட்டும் பாருங்கள். ஒரு கால் மொத்தச் சுமையையும் வாங்கிக்கொண்டு நிற்கும், இன்னொன்று வெறுமனே தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிறகு சுமை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். உடம்புக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. சீன மருத்துவம் பேசும் யின், யாங் என்ற எதிரெதிர்த் தன்மைகள் உடம்பில் முதலில் புரிவதும் அங்கேதான்.

ஒரு பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். முழுப்பெயர் தாய்ஜிச்சுவான். தாய்ஜி என்றால் யின்னும் யாங்கும் பிறக்கும் மூலநிலை, ச்சுவான் என்றால் முஷ்டி, அதாவது குத்துச்சண்டை. சீன மருத்துவத்தில் உயிராற்றலைக் குறிக்கும் ‘சி’ என்ற சொல் வேறு, சீனத்தில் அதற்கு எழுத்தே வேறு. ஆகவே ‘தாய்ச்சி என்றால் சக்தியை வளர்க்கும் பயிற்சி என்று பொருள்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெயரின்படி அது ஒரு சண்டைக் கலை.

சண்டைக் கலையாகத்தான் அது பிறந்ததும். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் செஞ்சியாகோ என்று ஒரு கிராமம், அங்கே 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்திங் என்ற போர்வீரர் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். போர்ப்பயிற்சியோடு மூச்சுப்பயிற்சியையும் உயிராற்றல் ஓடும் நாளங்கள் பற்றிய சீன மருத்துவக் கொள்கையையும் அவர் சேர்த்தார் என்பது அந்தக் குடும்பத்தின் மரபு. பல தலைமுறை அந்தக் கிராமத்துக்குள்ளேயே இருந்ததை யாங் லூச்சான் (1799–1872) என்ற வெளியாள் கற்றுக்கொண்டு பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ வேகத்தையும் குதிப்பையும் குறைத்து, யாரும் செய்யக்கூடிய விரிந்த மெதுவான அசைவுகளாக மாற்றினார். இன்று உலகம் முழுக்கப் பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த யாங் பாணிதான். அதையும் சுருக்கி 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவத்தை வெளியிட்டது, செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். 2020-இல் யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் தாய்ஜிச்சுவானைச் சேர்த்தது.

மருத்துவத் தொடர்பு இதைவிட மிகப் பழையது. 1973-இல் சாங்ஷா நகரத்துக்கு அருகில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே பட்டுத்துணியில் தீட்டிய ஓர் ஓவியம். ஆணும் பெண்ணும், இளையவர்களும் முதியவர்களுமாக 44 பேர் விதவிதமாக உடம்பை வளைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்த அசைவு எந்த நோய்க்கு என்று சில படங்களின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அசைவை மருந்தாகக் கொடுப்பது அங்கே அவ்வளவு பழைய வழக்கம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த ஹுவா துவோ என்ற புகழ்பெற்ற வைத்தியர், தினமும் திறந்து மூடும் கதவின் கீல் உளுத்துப்போவதில்லை, உடம்பும் அப்படித்தான் என்று தன் மாணவருக்குச் சொல்லி, புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்று ஐந்து விலங்குகளின் அசைவுகளைப் பழகச் சொன்னதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. ஆயிரத்து நானூறு வருடம் கழித்து வந்த தாய்ச்சி இந்த மரபில் இருந்து எடுத்துக்கொண்டதுதான் அதன் மருத்துவப் பக்கம்.

சீன மருத்துவச் சொற்களை எப்படிப் பயன்படுத்துவது

சீன மருத்துவம் சொல்வது சுருக்கமாக இதுதான். உடம்பில் ‘சி’ ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஓடும் முக்கிய நாளங்கள் 12, ஓட்டம் தடைப்பட்டால் நோய். சீனத்தில் ஒரு பழமொழி உண்டு: ஓட்டம் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் ஓட்டம் இல்லை. ‘தடையில்லாத ஓட்டம்’ என்பதற்கும் ‘வலி’ என்பதற்கும் சீனத்தில் ஒரே உச்சரிப்பு, ‘தோங்’, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் வேறு. அதனால் அந்தப் பழமொழி அவர்கள் காதில் நம்மைவிட இரண்டு மடங்கு பலமாக விழும்.

சித்த மருத்துவத்தில் வாசி, நாடி என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது பழகின பேச்சாகத் தோன்றும். ஆனால் உடனே ‘சி என்றால் பிராணன், அவ்வளவுதான்’ என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கட்டமைப்புகள், இடங்களும் கணக்கும் ஒத்துப்போகாது, கலந்தால் இரண்டுமே குழம்பும்.

அப்புறம் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உடம்பை அறுத்துப் பார்த்தால் நரம்பும் ரத்தக்குழாயும் தெரிவது போல இந்த 12 நாளங்கள் தெரியாது. அதனால் அந்தச் சொற்கள் எல்லாம் வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பயிற்சியில் அவை மிக நுட்பமாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு சொல்லும் ‘கவனத்தை இங்கே வை’ என்ற குறிப்பு. நம்பிக்கை இருக்கிறவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி பயன்படுத்தலாம்.

நாலு இடம் தெரிந்தால் போதும். முதலாவது யோங்சுவான், ‘பொங்கும் ஊற்று’ என்று பொருள். உள்ளங்காலில், விரல்களை மடக்கினால் முன்பகுதியில் ஒரு குழி விழும் அல்லவா, அதுதான், சிறுநீரக நாளம் தொடங்கும் புள்ளி. ‘எடையை ஊற்றுக்குள் இறக்கு’ என்று ஆசிரியர் சொன்னால் உங்கள் எடை குதிகாலில் மட்டும் தேங்காமல் பாதம் முழுக்கப் பரவும், கணுக்கால் விழித்துக்கொள்ளும். இரண்டாவது பாய்ஹுயி, உச்சந்தலை. அங்கே ஒரு நூல் கட்டி மேலே தூக்குவது போல நினைத்தால் கழுத்து தானாக நீளும், முகவாய் லேசாக உள்ளே வரும். மூன்றாவது மிங்மென், ‘உயிர்வாசல்’, தொப்புளுக்கு நேர் பின்னால் முதுகெலும்பில் இருக்கிறது. அதைப் பின்பக்கமாக மெல்லத் திறப்பது போல நினைத்தால் இடுப்பின் அதிகப்படி வளைவு குறையும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு குறிப்பே பெரிய நிம்மதி.

நாலாவது தான்தியென். தொப்புளுக்கு மூன்று நாலு விரல் கீழே, வயிற்றின் உள்ளே. ‘தான்’ என்றால் சாதிலிங்கம், அதாவது பாதரசம் கலந்த சிவப்புத் தாது, ‘தியென்’ என்றால் வயல். சீன ரசவாதிகள் சாகாமருந்து செய்ய முயன்றது சாதிலிங்கத்தில்தான், பிறகு அதையே உடம்புக்குள் விளைவிக்கலாம் என்று நினைத்து வயிற்றுக்குள் ஒரு வயலை வைத்தார்கள். இன்னொரு பக்கம், நிற்கும் மனிதரின் உடல் எடையின் மையப்புள்ளியும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் விழுகிறது. அங்கிருந்து நகரப் பழகினால் தடுமாற்றம் குறைவதற்கு அதுதான் காரணம்.

முதல் வேலை: நிற்பது

தட்டையான அடிப்பாகமுள்ள லேசான செருப்போ துணிக்காலணியோ போதும், சமதளமான தரையில் வெறுங்காலோடும் செய்யலாம். தடிமனான ஓட்டக் காலணி வேண்டாம், தரை தெரியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இரண்டும் நேராக முன்னால் பார்க்கும்படி நில்லுங்கள். முட்டியை மடக்க வேண்டாம், பூட்டை மட்டும் திறந்துவிடுங்கள், அதாவது விறைப்பாகப் பின்னால் தள்ளியிருப்பதை விட்டுவிடுங்கள். வால் எலும்பு கீழ்நோக்கித் தொங்கட்டும். தோளை இறக்குங்கள், அக்குளில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கும் அளவுக்கு இடம் இருக்கட்டும். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் மேலண்ணத்தை லேசாகத் தொடட்டும். உடம்பின் முன்பக்கத்து நாளமும் பின்பக்கத்து நாளமும் அங்கே இணைகின்றன என்பது சீன மருத்துவக் கணக்கு. நடைமுறையில் தாடை இறுக்கம் இளகும், வாய் வறளாது. கண்ணை மூடாதீர்கள், தூரத்தில் மெதுவாகப் பாருங்கள்.

இப்போது ஒரு சீனச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: ‘சோங்’. தாய்ச்சி வகுப்பில் ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை சொல்லும் சொல் இதுதான். தளர்த்து என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் துவண்டு போவது வேறு, சோங் வேறு. கொடியில் காயும் ஈரவேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கொடி உறுதியாகப் பிடித்திருக்கிறது, மீதி எல்லாம் தன் எடையில் தொங்குகிறது. உச்சந்தலை கொடி, உடம்பு வேட்டி. இந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியவர் செங் மான்ச்சிங் (1902–1975). அவர் யாங் செங்ஃபூவின் மாணவர், சீன மருத்துவரும்கூட. இளமையில் காசநோயால் அவதிப்பட்டுத் தாய்ச்சிக்கு வந்து, பின்னாளில் யாங் குடும்பத்தின் நீண்ட வடிவத்தை 37 அசைவுகளாகச் சுருக்கி, 1960-களில் நியூயார்க்கில் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் தாய்ச்சி பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் நாள் மூன்று நிமிடம் நின்றால் போதும். தொடை நடுங்கும், தோள் தானாக மேலே ஏறும், மனது கடிகாரத்தைத் தேடும். நடுக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், முட்டிக்குள்ளே வலி வந்தால் மட்டும் உயரமாக நில்லுங்கள். தொடை எரிவது சரி, மூட்டு வலிப்பது தவறு. இந்த ஒரு வித்தியாசத்தை எப்போதும் மறக்காதீர்கள்.

அடியெடுத்து வைப்பது, இதில்தான் நிறைய நேரம் செலவிடுங்கள்

நின்ற இடத்திலேயே எடையை இடது காலுக்கு மாற்றுங்கள், அவசரமில்லாமல், ஐந்து எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு. முழுக்க மாறியதும் வலது கால் காலி. இப்போது வலது குதிகாலைத் தரையில் இருந்து எடுத்துப் பாருங்கள், உடம்பு எந்தப் பக்கமும் சாயாமல் எடுக்க முடிந்தால் எடை உண்மையிலேயே மாறிவிட்டது. எடுக்கும்போது இடுப்பு ஆடினால் இன்னும் கொஞ்சம் எடை அங்கேயே மிச்சம். காலியான காலை யின் என்பார்கள், நிறைந்த காலை யாங் என்பார்கள். ஒன்று முழுக்க நிறைந்ததும் உடனே காலியாக ஆரம்பிக்கும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்துப் புரியாத யின் யாங் இந்தப் பயிற்சியில் பத்து நிமிடத்தில் தொடைக்குப் புரிந்துவிடும்.

இரண்டு வாரம் இதைச் செய்த பிறகு முன்னால் அடியெடுத்து வைக்கலாம். எடை முழுவதும் வலது காலில். இடது காலைத் தூக்கி முன்னாலும் கொஞ்சம் இடது பக்கமாகவும் கொண்டுபோய் குதிகாலை மட்டும் தரையில் வையுங்கள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வரக்கூடாது, ரயில் தண்டவாளம் போல இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கயிற்றில் நடப்பது போலத் தள்ளாடுவீர்கள். குதிகாலை வைத்ததும் அப்படியே நிறுத்திச் சோதியுங்கள்: வைத்த காலை மறுபடி தூக்க முடிகிறதா? முடிந்தால் சரி. ‘பூனை நடப்பது போல அடி எடு, பட்டுநூல் இழுப்பது போல விசையைச் செலுத்து’ என்று 19-ஆம் நூற்றாண்டுத் தாய்ச்சி வாசகம் ஒன்று சொல்கிறது. பூனை பாதத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடையைக் கொடுக்கும். பட்டுப்புழுக் கூட்டில் இருந்து நூலை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், தொய்ய விட்டால் சிக்கிக்கொள்ளும், ஒரே சீராக இழுக்க வேண்டும்.

சோதித்தாயிற்றா, இப்போது பாதத்தைத் தட்டையாக இறக்கி எடையை முன்னால் கொண்டுவாருங்கள். முன்காலில் ஏறக்குறைய 70 சதவீதம், பின்காலில் 30 சதவீதம். முன்முட்டி பெருவிரலுக்கு அடுத்த விரலின் திசையில் போகட்டும், விரல் நுனியைத் தாண்டக்கூடாது, உள்பக்கமாகச் சரியவே கூடாது. அடுத்த அடிக்கு, எடையைப் பின்காலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முன்பாதத்தின் விரல்களைத் தூக்கி 45 பாகை வெளியே திருப்பி வைத்து, மறுபடி எடையை ஏற்றி, பின்காலைக் கொண்டுவாருங்கள். எடை நிற்கும் காலைத் தரையோடு தேய்த்துத் திருப்பினால் முறுக்கு முழுவதும் முட்டிக்குள் போகும். என் முட்டி வலித்ததற்குக் காரணமே இதுதான். வீடியோவில் இந்தச் சின்ன எடை மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, யாராவது சொன்னால்தான் உண்டு.

ஆய்வுகளில் தாய்ச்சிக்குக் கிடைத்த பலமான ஆதாரமும் இந்த எடை மாற்றத்தோடு சம்பந்தப்பட்டதுதான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில், 70 வயதைக் கடந்து, விழும் ஆபத்தில் இருந்த 670 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், 24 வாரம். வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய்ச்சி செய்தவர்கள் கீழே விழுவது 58 சதவீதம் குறைந்தது. வலிமை, சமநிலை, நடை எல்லாம் கலந்த வழக்கமான உடற்பயிற்சியோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. அதற்கு முன் 2012-இல் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்த ஆய்விலும் சமநிலை நன்றாக முன்னேறியது. ஒற்றைக்காலில் மெதுவாக, உடம்பை நேராக வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் இருக்க வைக்கும் பயிற்சிகள் குறைவு, காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் வேறு எதுவும் வேண்டாம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கவாட்டு எடை மாற்றத்தை மட்டும் தினமும் ஐந்து நிமிடம் செய்ய வையுங்கள்.

இப்போது கை

முதல் அசைவின் பெயர் ச்சீஷி, தொடக்கம். தோள் அகலத்தில் நிற்கிறீர்கள், கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன. மணிக்கட்டில் பலூன் கட்டியது போல இரண்டு கையும் முன்னால் மெதுவாக மேலே வரட்டும், உள்ளங்கை கீழே பார்க்க, தோள் உயரம் வரை. தோள் மட்டும் ஏறக்கூடாது. அப்புறம் முழங்கை முதலில் இறங்கி, அதன் பின்னால் மணிக்கட்டு, அதன் பின்னால் விரல்கள் என்று இறங்கட்டும். இறங்கும்போதே முட்டி கொஞ்சம் மடங்கட்டும், ஆழமாக வேண்டாம், நாற்காலியில் உட்காரலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போதும். பெரும்பாலும் கை ஏறும்போது மூச்சு தானாக உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். எட்டுத் தடவை செய்யுங்கள்.

மூச்சைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். முதல் மூன்று மாதம் மூச்சை அதன் போக்கில் விடுங்கள், அடக்க வேண்டாம், மூக்கால் சுவாசியுங்கள், வயிறு தானாக ஏறி இறங்கட்டும். அசைவு மெதுவானால் மூச்சும் தானாக நீளமாகும். வலிந்து நீட்டினால் தலைசுற்றல்தான் மிச்சம்.

இரண்டாவதாக யுன்ஷோ, மேகக் கைகள். 24 அசைவு வடிவத்தில் பத்தாவதாக வரும். முழு வடிவத்தில் பக்கவாட்டில் நடந்துகொண்டே செய்வார்கள், நீங்கள் நின்ற இடத்திலேயே செய்யுங்கள். இடது கை முக உயரத்தில், உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கிறது. வலது கை வயிற்று உயரத்தில், உள்ளங்கை வயிற்றைப் பார்க்கிறது. எடையை இடது காலுக்கு மாற்றிக்கொண்டே இடுப்பை இடப்பக்கம் திருப்புங்கள், கைகள் இடுப்போடு சேர்ந்து போகட்டும், தனியாக எங்கேயும் போக வேண்டாம். இடக்கோடிக்கு வந்ததும் இடது கை உள்ளங்கையை வெளியே திருப்பி இறங்கட்டும், வலது கை அதன் உள்பக்கமாக மேலே ஏறட்டும். இப்போது வலது கை மேலே, இடது கை கீழே. எடை வலது காலுக்கு, இடுப்பு வலப்பக்கம். கண் மேலே இருக்கும் கையோடு போகட்டும். இடுப்பு திரும்பும்போது முட்டிகள் பாதத்தின் திசையிலேயே நிற்க வேண்டும், அவை கூடத் திரும்பினால் நீங்கள் தேவைக்கு மேல் திரும்புகிறீர்கள் என்று அர்த்தம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே திருப்பத்தைச் செய்யுங்கள். கையில்லாமல் அசைவு முழுமையாக இருந்தால், பிறகு கையைச் சேருங்கள். கையில்லாமல் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அதுவரை கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். சீன மருத்துவத்தில் மற்ற நாளங்கள் எல்லாம் மேலும் கீழுமாக ஓட, தாய்மாய் என்ற ஒன்று மட்டும் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிறு போல ஓடுகிறது. மேகக் கைகள் அதைத் தளர்த்தும் என்பார்கள். உண்மையாகவே நாள் முழுக்க உட்கார்ந்து இறுகின இடுப்பில் பத்து நிமிடம் இதைச் செய்தால் அரைஞாணைத் தளர்த்தின மாதிரிதான் இருக்கும், அந்தக் காலத்தில் பெயர் வைத்தவர்கள் இதை உடம்பால் கண்டுபிடித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தாவோச்சுவான்கோங் என்ற பின்னோக்கி நடக்கும் அசைவு. குரங்கை விலக்குவது என்ற இன்னொரு பெயரும் உண்டு. இதை ஆசிரியர் இல்லாமல் பழக வேண்டாம்.

முடிக்கும்போது கைகளைத் தான்தியென் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். விரல்நுனி சூடாக, லேசாகக் குறுகுறுப்பாக இருக்கும். சீன மருத்துவர் அதைச் ‘சி’ வந்துவிட்டது என்பார், நவீன மருத்துவர் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது என்பார். நீங்கள் அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், வந்தால் வரட்டும், வராத நாளிலும் கால் தன் வேலையைச் செய்திருக்கும்.

எவ்வளவு, எப்போது, யாருக்கு

சீன மருத்துவத்தில் நாளங்களுக்கு ஒரு கடிகாரம் உண்டு: 3 முதல் 5 மணி நுரையீரல், 5 முதல் 7 பெருங்குடல், 7 முதல் 9 இரைப்பை என்று போகும். பூங்காவில் விடியற்காலையில் கூடுவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். உங்களுக்கு மாலைதான் முடியும் என்றால் மாலையே செய்யுங்கள். தினமும் 15 நிமிடம் என்பது வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைவிட எவ்வளவோ மேல்.

முதல் இரண்டு வாரம் நிற்பதும் பக்கவாட்டு எடை மாற்றமும். அடுத்த இரண்டு வாரம் அடியெடுத்து வைப்பது. இரண்டாவது மாதம் தொடக்கமும் மேகக் கைகளும். மூன்றாவது மாதம் ஆசிரியரிடம் போய் 24 அசைவு வடிவத்தைத் தொடங்குங்கள். அதை ஒழுங்காகக் கற்க ஆறு மாதமாவது ஆகும், யாராவது பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்றால் கை மட்டும்தான் கிடைக்கும்.

மூட்டுத் தேய்மானம் இருக்கிறவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி வலியைக் குறைத்ததில் பிசியோதெரபிக்குச் சமமாக நின்றது. ஆஸ்திரேலிய மருத்துவரான பால் லாம், தனக்கே மூட்டுவாதம் இருந்ததால், 1997-இல் மூட்டுநோயாளிகளுக்கென்றே ஒரு வரிசையை உருவாக்கினார். உயரமாக நின்று செய்யும் சுன் என்ற தாய்ச்சி பாணியை அதற்கு அடிப்படையாக எடுத்தார். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே தொடக்கத்தையும் மேகக் கைகளையும் செய்யலாம், உள்ளங்கால் இரண்டும் தரையில் பதிந்திருந்தால் போதும்.

ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருந்த 342 பேரிடம் சீனாவில் ஓராண்டு நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், மேல் அழுத்தம் தாய்ச்சி செய்தவர்களுக்குச் சுமார் 7 புள்ளியும், வேகநடை போன்ற ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 4.6 புள்ளியும் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. அழுத்தம் குறைந்தால் அளவைக் குறைப்பதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர்கள், எலும்பு மிகவும் மெலிந்தவர்கள், சமீபத்தில் இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், ஆரம்பத்தில் பக்கத்தில் சுவரோ நாற்காலியோ இருக்கட்டும்.

ஆசிரியரைத் தேடும்போது முதல் வகுப்பில் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். மாணவர்களின் முட்டியைக் கவனிக்கிறாரா, ‘உயரமாக நில்’ என்று யாரிடமாவது சொல்கிறாரா? எல்லோரையும் ஒரே ஆழத்துக்கு இறக்குகிறவரிடம் போக வேண்டாம். தொடாமலேயே ஆளைத் தூக்கி எறிந்து காட்டுகிறவரிடமும் வேண்டாம். புற்றுநோயை ‘சி’ கரைத்துவிடும், சர்க்கரை மருந்தைத் தூக்கிப்போடு என்று சொல்கிறவரிடம் இருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். சில மாதம் கழித்து துய்ஷோ என்ற இருவர் பயிற்சி இருக்குமா என்றும் கேட்டு வையுங்கள். ஒருவர் கையில் இன்னொருவர் கையை வைத்து மெதுவாகத் தள்ளுவதும் இளகுவதுமாகச் செய்வது அது. எங்கே இறுக்கமாக இருக்கிறோம் என்று நமக்கே தெரியாத இடத்தை எதிரில் நிற்கிறவர் கை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடும்.

வகுப்பு கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பல் தேய்க்கும் இரண்டு நிமிடம் போதும், இடது காலுக்கு எடையை மாற்றுங்கள், வலது குதிகாலை எடுத்துப் பாருங்கள், இறக்குங்கள், பக்கம் மாற்றுங்கள்.